அண்ணாவிடம் எந்தச் சான்றைக் காட்டுவது?

கேள்வி: சேர், நாங்கள் இளவாலையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அண்ணா கனடாவுக்குப் போய் ஒன்பது வருடம். ஞாயிறு பூசை முடிந்து வந்து வட்ஸ்அப்பில் கதைக்கும்போதெல்லாம் இப்போது ஒரே சண்டை. “இயேசு என்று ஒரு ஆளே இருந்ததில்லை. புதுமைகள் எல்லாம் பிறகு எழுதிச் சேர்த்த கதை” என்கிறார். நான் இணையத்தில் தேடி ஒரு கொப்பி முழுக்கச் சான்று எழுதி வைத்திருக்கிறேன்: யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், உரோமர் தாசிட்டஸ், உயிர்த்த ஆண்டவரை ஒரே நேரத்தில் கண்ட ஐந்நூறு பேர், சவேரியார், யோசவ் வாஸ் முனிவர், லூர்து. அம்மா அழுகிறா. அண்ணா திருப்பிப் பதில் சொல்ல முடியாத சான்று எது? வரலாறு படிப்பித்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.
– இளவாலை வாசகி

அன்பான பிள்ளைக்கு,

நீர் அனுப்பிய கொப்பிப் படங்களைப் பார்த்தேன். கோடு போட்டு, ஆண்டுகளைச் சிவப்பு மையில் எழுதி, நல்ல கவனத்தோடு செய்திருக்கிறீர். ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அண்ணா பதில் சொல்ல முடியாத சான்று அந்தக் கொப்பியில் இல்லை. வேறெங்கும் கிடைக்கவும் மாட்டாது. அதேபோல அண்ணா சொல்கிற ‘ஆளே இருந்ததில்லை’ என்பதும் நிற்காது. நானும் பூசைக்குப் போகிறவன், உயிர்ப்பை நம்புகிறவன். அதை மறைத்து வைத்துக்கொண்டு உமக்குப் பதில் எழுதக் கூடாது.

அண்ணாவின் பேச்சை முதலில் பார்ப்போம், அது சீக்கிரம் முடியும். 116ஆம் ஆண்டளவில் எழுதிய தாசிட்டஸ், உரோமப் பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்ததைச் சொல்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்ணிலும் காட்டக் கூடாது, ஆகவே உதவி செய்ய எழுதியிருக்க மாட்டார். யோசேபஸ் 93, 94 அளவில், ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு’ எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதைப் போகிற போக்கில் எழுதுகிறார். இவை எல்லாவற்றுக்கும் முந்தியது திருத்தூதர் பவுலின் கடிதம். உமது அம்மம்மா ‘சின்னப்பர்’ என்று சொல்லியிருப்பா. அவர் கலாத்தியருக்கு எழுதும்போது, தான் எருசலேமுக்குப் போய்ப் பதினைந்து நாள் கேபாவுடன், அதாவது பேதுருவுடன், தங்கியதாகவும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபையும் கண்டதாகவும் சொல்கிறார். ‘சகோதரர்’ என்பதற்கு உறவினர் என்று எங்கள் திருச்சபை பொருள் கொள்ளும். எந்தப் பொருளில் எடுத்தாலும் சரி, ஒருவருடைய சொந்தக்காரரை நேரில் கண்டவர் எழுதிய கடிதம் கையில் இருக்கும்போது அந்த ஆளே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. நம்பிக்கை இல்லாத வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

இனி உமது கொப்பி. இதில் சில பக்கங்களை வெட்ட வேண்டும்.

யோசேபஸ் எழுதிய நூலின் பதினெட்டாம் பாகத்திலிருந்து நீர் எடுத்த பந்தியை அப்படியே அண்ணாவுக்கு அனுப்ப வேண்டாம். ‘இவரே மெசியா’, ‘மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார்’ என்று அதில் வருகிறது. கடைசிவரை யூதராக இருந்தவர் இப்படி எழுதியிருக்க முடியாது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞரே, யோசேபஸ் இயேசுவை மெசியாவாக ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தப் பந்தியை எங்களுக்குத் தெரிந்தவரையில் முதலில் எடுத்துக் காட்டுகிறவர் நாலாம் நூற்றாண்டு யூசேபியஸ். இடையில் ஒரு கிறிஸ்தவக் கை புகுந்திருக்கிறது. அடியில் யோசேபஸ் எழுதிய சில வரி இருந்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், ‘வியக்கத்தக்க செயல்களைச் செய்தவர்’ என்ற சொற்கள் அவருடையவையாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் மை பூசிய உறுதியைக் கொண்டு காணி வழக்கு ஆட முடியாது என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்குத் தெரியாததா?

மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களையும், பாம்பைக் கையில் எடுப்பது, நஞ்சு குடித்தாலும் தீங்கில்லை என்று வருகிறவற்றை, சான்றாக வைக்க வேண்டாம். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளிலும் அவை இல்லை.

சவேரியாருக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இது எங்கள் மொழியோடு சம்பந்தப்பட்டது. ‘எந்த மொழியும் கற்காமலே தமிழில் போதித்தார், அது பன்மொழி வரம்’ என்று எழுதியிருக்கிறீர். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவரே எழுதிய கடிதம் இருக்கிறது. முத்துக்குளித்துறை மக்களுக்குத் தன் பாஷை விளங்கவில்லை, தனக்கு அவர்களுடையது விளங்கவில்லை, அவர்களுடையது மலபார், தன்னுடையது பாஸ்க் என்கிறார். மலபார் என்று வெள்ளைக்காரர் அன்றைக்குச் சொன்னது எங்கள் தமிழைத்தான். இரண்டு பக்கமும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களை இருத்தி, செபங்களை மிகுந்த பாடுபட்டுத் தமிழாக்கி, பிறகு அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறார். அவர் இறந்தது 1552இல். எழுபது வருடம் கழித்துப் புனிதர் பட்டம் கிடைத்த காலத்தில் அவர் பன்மொழி வரம் பெற்றவர் ஆகிவிட்டார். நாக்கு வளையாமல் ‘பரமண்டலங்களில்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்த அந்த மனிதரை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் பக்தி கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் அவர் கடிதத்தையே படிக்காமல் புதுமைக் கதையை அண்ணாவிடம் கொண்டுபோனால், அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுவார். அதோடு உமது மற்றச் சான்றுகளும் விழுந்துவிடும்.

இப்போது அதே அளவுகோலைப் பவுலிடம் கொண்டுபோய்ப் பாரும். தன்னிடம் அற்புதம் நடந்ததாகச் சவேரியார் அந்தக் கடிதத்தில் சொல்லவில்லை, பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பவுலோ தன் கைப்படச் சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், ‘அடையாளங்களும் அற்புதங்களும் உங்கள் நடுவிலேயே செய்யப்பட்டன’ என்ற கருத்தில் எழுதுகிறார். யாருக்கு? தன்மேல் சந்தேகப்பட்டு முறுகிக்கொண்டு நின்றவர்களுக்கு. ஒன்றுமே நடக்காத இடத்தில் அப்படி எழுதினால் அடுத்த தபாலிலேயே பதில் வரும். என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. அவரும் அவர்களும் ஏதோ நடந்ததாக நினைத்தார்கள் என்பது தெரியும்.

இயேசுவின் காரியத்திலும் பலமான சான்று எதிராளிகளிடமிருந்துதான் வருகிறது. மாற்கு நற்செய்தியில் மறைநூல் அறிஞர்கள், ‘இவர் பேய்களின் தலைவனைக் கொண்டு பேய் ஓட்டுகிறார்’ என்கிறார்கள். 178 அளவில் செல்சஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர், இயேசு எகிப்தில் மந்திரம் பழகி வந்தார் என்று எழுதினார். யூதரின் சமய நூலான தல்மூதிலும் சூனியம் செய்தார் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. செயலை யாரும் மறுக்கவில்லை, எந்த வல்லமையால் என்பதில்தான் சண்டை. இதனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே நோய் தீர்ப்பவர், பேய் ஓட்டுபவர் என்று பெயர் எடுத்திருந்தார் என்பதைப் பக்தி இல்லாத ஆய்வாளர்களும் பெருமளவில் ஏற்கிறார்கள். கொப்பியில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கும்.

செல்சஸின் நூல் இன்றைக்கு இல்லை. ஒரிஜென் அதை மறுக்கப் போய், வரிவரியாக எடுத்தெழுதி மறுத்தபடியால் மட்டுமே எங்களுக்குத் தெரிகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. தன்னை எதிர்த்தவனின் சொல்லைச் சிதைக்காமல் காப்பாற்றித் தந்த ஒருவரின் அருமை எங்களுக்கு விளங்கும்.

ஐந்நூறு பேரைப் பற்றி. எங்களிடம் ஐந்நூறு சாட்சியங்கள் இல்லை, பவுலின் ஒரு வசனம்தான் இருக்கிறது. நான்கு நற்செய்திகளிலும் அந்தச் சம்பவம் வரவில்லை. ஆனால் அந்த வசனம் இருக்கிற பட்டியல், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல், பெறுமதியானது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், பதினைந்தாம் அதிகாரம். எழுதியது 50களின் நடுவில், சிலுவைச் சாவுக்கு இருபத்தைந்து வருடத்துக்குள். ‘நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்குத் தந்தேன்’ என்கிறார், அப்படியானால் அவர் கைக்கு வந்தது இன்னும் முந்தியது. சில வருடங்களுக்குள்ளேயே அந்தப் பட்டியலின் அடிப்படை உருவாகிவிட்டது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. ஆகவே ‘நூறு வருடம் கழித்துக் கட்டிய கதை’ என்று அண்ணா சொல்ல முடியாது. ‘துக்கத்தில் கண்ட தோற்றம்’ என்று சொல்லலாம். செத்தவீடு முடிந்த வீடுகளில் ‘விடியப்புறம் அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தார்’ என்று சொல்கிறவர்களை நாமும் கண்டிருக்கிறோம். அது நல்ல பதில். அதற்கு உமது பதில்: அந்தப் பட்டியலில் பவுலும் யாக்கோபும் இருக்கிறார்கள். பவுல் துக்கத்தில் இருந்தவர் இல்லை, கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தவர். இயேசு உயிரோடு இருந்தபோது அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார், யாக்கோபும் அந்த வீட்டுக்காரர். அண்ணா அதற்கும் ஏதாவது சொல்லுவார், குற்ற உணர்ச்சி என்பார். அவர் சொல்லட்டும்.

நற்செய்திகள் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர். உண்மைதான். கல்லறையில் மாற்குவுக்கு ஒரு இளைஞர், மத்தேயுவுக்கு ஒரு வானதூதர், லூக்காவுக்கு இரண்டு ஆண்கள், யோவானுக்கு இரண்டு வானதூதர். போன பெண்களின் பெயர்களும் மாறுகின்றன. மகதலா மரியா மட்டும் நாலிலும் நிற்கிறா. பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று யோசேபஸே எழுதிய சமுதாயத்தில், கதை கட்டுகிறவர் முதல் சாட்சியாக ஒரு பெண்ணை நிறுத்தியிருக்க மாட்டார். இது சிறிய சான்று, ஆனால் நல்ல சான்று.

முரண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எங்கள் வீட்டுக் கதையால்தான் சொல்ல முடியும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டச் சனநெரிசலில் அம்மாவைத் தவறவிட்டோம். மழை. முன்னுக்குப் போகிறவரின் முதுகுதான் தெரியும். விடிந்து மத்தியானம் கைதடியில் ஒரு வீட்டு விறாந்தையில் அவவைக் கண்டுபிடித்தோம். மூன்று நாள் கழித்துச் சாவகச்சேரியில் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், என் பாடக்குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் அம்மா சொன்னதை எழுதினேன்: ‘வயதுபோன ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டியவர், அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு கையில் ரோச் லைட்டோடு உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். பெயர் கேட்கவில்லை.’

பன்னிரண்டு வருடம் போனது. ஒரு கலியாணவீட்டில் என் மைத்துனி அதே கதையைச் சொன்னா. அதில் சைக்கிள் இல்லை. நீல முக்காடு போட்ட ஒரு அம்மா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனா, அது மடு மாதாதான். லண்டனிலிருந்து வந்திருந்த மருமகன் இன்னும் ஒன்று சொன்னான்: அம்மம்மாவின் சேலையில் ஒரு துளி மழையும் படவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அன்போடு சொல்லிச் சொல்லிக் கதை அப்படி ஆகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து அந்தக் கொப்பியைத் தேடி எடுத்து அம்மாவுக்கு வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: “வந்தது கிழவன்தான் மோனை, நான் மறக்கேல்லை. அந்த இருட்டுக்குள்ளை அந்தாளை என்னட்டை அனுப்பினது ஆரெண்டு உன்ரை கொப்பியிலை கிடக்கோ?”

அந்தக் கேள்விக்கு என் கொப்பியில் பதில் இல்லை, எந்த ஆவணத்திலும் இருக்காது. பன்னிரண்டு வருடத்தில் சைக்கிள் போய் நீல முக்காடு வந்தது உண்மை. அண்ணா சொல்வதில் அவ்வளவு நியாயம் உண்டு, மாற்கு எழுதியது நாற்பது வருடம் கழித்து. ஆனால் அம்மா தவறிப்போனதும், ஒருவர் கொண்டுவந்து சேர்த்ததும், கைதடியும், மழையும் யார் சொன்ன கதையிலும் மாறவில்லை. வளர்ந்த கதைக்குள் ஒரு வித்து இருக்கிறது. வரலாற்றுக்காரனின் வேலை அந்த வித்து வரைக்கும் போவது. அதை முளைக்க வைத்தது கடவுளா என்ற இடத்தில் எங்கள் கருவிகள் நின்றுவிடும்.

இதைத்தான் 1748இல் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் வேறு விதமாகச் சொன்னார். அண்ணா அவரைப் படித்திருப்பார் போலத் தெரிகிறது. எங்கள் வழக்கில் சொல்கிறேன்: பொய்யே பேசாத பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ‘இரவு வேலிக் கதியால் தானாக நடந்து இரண்டு முழம் தள்ளி நின்றது’ என்றால், கதியால் நடந்தது என்பதைவிட அவர் பிழையாகக் கண்டார் என்பதுதான் நடக்கக்கூடியது. எந்தச் சாட்சியமும் அந்தத் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். பலமான வாதம், சும்மா தள்ளிவிட வேண்டாம். அவருடைய காலத்திலேயே றிச்சட் பிறைஸ் என்ற போதகர், நண்பர் பேய்ஸ் விட்டுச்சென்ற நிகழ்தகவுக் கணக்கை வைத்து மறுத்தார்: அரிதாக நடப்பவற்றைச் சாதாரணச் சாட்சியத்தை வைத்து நாங்கள் ஒவ்வொரு நாளும் நம்புகிறோம் அல்லவா என்றார். இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்றால், கடவுள் இருக்கிறாரா, செயல்படுவாரா என்பதில், சான்றைத் தொட முன்னமே. நீரும் அண்ணாவும் அங்கேதான் பிரிந்து நிற்கிறீர்கள். யோசேபஸ் அதைத் தீர்த்து வைக்க மாட்டார்.

இன்னொன்று. உமது வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் கீரிமலை. ஒரு அரசகுமாரியின் குதிரைமுகம் அந்தத் தீர்த்தத்தில் குளித்து நீங்கியது என்று யாழ்ப்பாண வரலாறு சொல்லும் பழைய நூலான வைபவமாலை சொல்கிறது. மயில்வாகனப் புலவர் அதை எழுதியது ஒல்லாந்தர் காலத்தில், நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டுக்குப் பிறகு. ‘அது கதை’ என்று நீர் ஒரு வசனத்தில் கடந்துவிடுவீர். எந்தக் காரணத்தால் கடந்தீர் என்பதை எழுதிவைத்து, அதே காரணத்தை உமது பட்டியலிலும் போட்டுப் பாரும். காலத்தால் கிட்டிய சாட்சியம் என்ற வகையில் பவுல் தப்புவார், சவேரியாரின் பன்மொழி வரம் தப்பாது. இரண்டு வீட்டுக்கு இரண்டு தராசு வைத்திருந்தால் அண்ணா முதலில் அதைத்தான் பிடிப்பார்.

பிரான்சிலுள்ள மாதா திருத்தலமான லூர்து பற்றி அதிகம் தேவையில்லை. 1858இலிருந்து இன்றுவரை ஆயிரக்கணக்கானோர் குணமானதாகச் சொன்னார்கள். வைத்தியர்கள் பார்த்து, பிறகு ஆயர்கள் பார்த்து, திருச்சபை புதுமை என்று ஏற்றது எழுபதுக்குச் சற்று மேல். மற்றவற்றை விட்டுவிட்ட அந்தக் கண்டிப்பைச் சொல்லும், போதும்.

யோசவ் வாஸ் முனிவரைக் கொப்பியில் கட்டாயம் வைத்திரும், ஆனால் மழைக்காக வைக்க வேண்டாம். 1687இல் ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் யாழ்ப்பாணம் வந்து, உமக்குப் பக்கத்துச் சில்லாலையில் தங்கி, பிறகு கண்டிக்குப் போய்ச் சிறைப்பட்டவர். கண்டியில் வறட்சி வந்தபோது அவர் செபித்து மழை பெய்தது என்றும், அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லை என்றும் சொல்வார்கள். அந்த நனையாத இடத்தைப் படிக்கும்போது எனக்கு அம்மாவின் சேலைதான் ஞாபகம் வருகிறது. 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளிகளை விட்டு ஓடியபோது, இவர் போய்ப் புண் கழுவி, சாப்பாடு கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார். அதைக் கண்டுதான் பௌத்த அரசர் அவரைச் சுதந்திரமாக நடமாட விட்டார். 2015 சனவரியில் பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது, வழமையாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமையைக் கேட்கவில்லை, அது இல்லாமலே அறிவித்தார்.

ஆறுமுக நாவலர் எங்கள் மதத்தைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனால் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கியவரும் அவர்தான். 1854இல் சைவத்தைப் பழித்தவர்களுக்குப் பதிலாகச் சைவதூஷண பரிகாரம் எழுதும்போது மறுபக்கத்தின் நூல் அவருக்கு வரிவரியாகத் தெரியும். நீரும் அண்ணாவிடம் கேட்டு புதுமைகள் பற்றி ஹியூம் எழுதிய அந்த ஒரு அத்தியாயத்தைப் படியும், நீளம் இல்லை. அவரிடம் கலாத்தியர் முதல் அதிகாரத்தைப் படிக்கச் சொல்லும், ஐந்து நிமிடம் போதும். அவருடைய மிகப் பலமான வாதத்தைக் கொப்பியின் வலப்பக்கத்தில் அவருடைய சொல்லிலேயே எழுதி, “சரியா அண்ணா?” என்று வாசித்துக் காட்டும். வெட்டிய பக்கங்களையும் சொல்லும். “யோசேபஸில் நீங்கள் சொன்னது சரி” என்று தொடங்கினால் அடுத்த அரை மணித்தியாலம் வேறு மாதிரிப் போகும்.

கடைசியாக அம்மா. அவ அழுகிறா என்று எழுதிய நீர், அவ ஏன் நம்புகிறா என்று எழுதவில்லை. அது உங்கள் இருவருக்கும் தெரியாது போலிருக்கிறது. வருகிற ஞாயிறு போனை முதலில் அவவிடம் கொடும். அவவின் வாழ்க்கையில் புதுமை என்று அவ நினைப்பது எது என்று அண்ணாவையே கேட்கச் சொல்லும். இடையில் இருவரும் பேச வேண்டாம். அவ சொல்லி முடிந்ததும், அன்றைக்கே, கொப்பியின் புதுப் பக்கத்தில் திகதி போட்டு எழுதிவையும். அவ சொன்னபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல்.